பிரிக்காத உறைக்கு ஒரு வாழ்த்து

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து தினமும் காலையில் பஸ் பிடித்து இராஜபாளையம் போய் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காயத்துக்குக் கட்டுகிற துணி தயாரிக்கும் கம்பெனி. கம்பெனி என்று நான்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பின்னால் ஒரு சலவைக் கூடம், நடுவில் துணியை வெட்டிச் சுருட்டிப் பொட்டலம் போடும் இடம், முன்னால் முதலாளிக்கு ஒரு சின்ன அறை, பக்கத்தில் ஆபீஸ் என்று ஓர் அறை, அவ்வளவுதான். அந்த அறையில் ஒரு டைப்ரைட்டரும் நானும். எனக்கு இருபத்தி நான்கு வயது. டைப்பிங்கில் ஹையர் முடித்திருந்தேன். என்னை மாதிரிக் கெட்டிக்காரி அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது என்கிற நினைப்பும் இருந்தது.

முதலாளி ஒரு இஸ்லாமியர், ஐம்பது வயதிருக்கும், பேச்சு குறைவு. வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது மட்டும் அவருக்குப் பிடிக்காது. ஆனால் அவர் பதில் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்து முடிக்க ஒரு கடிதத்துக்கே கால் மணி நேரம் ஆகும். ஊரில் இதே துணியைச் செய்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோர் துணியும் பார்க்க ஒரே மாதிரி. நம் பெயர் மட்டும் எப்படி நிற்கும் என்று அவர் ஒருநாள் கவலைப்பட்டபோது, அவருடைய இந்தப் பழக்கத்தையே விளம்பரமாக ஆக்கிவிடலாம் என்று சொன்னேன். பொட்டலத்தின் மேல் தாளில் ஒரு வரி சேர்த்தோம். "குறையோ நிறையோ, எங்களுக்கு எழுதுங்கள். மூன்றாம் நாள் பதில்."

அந்த வரி இப்படி வேலை செய்யும் என்று நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. மருந்துக் கடைக்காரர்கள் எழுதினார்கள், சின்ன ஆஸ்பத்திரிகளில் இருந்து எழுதினார்கள், வீட்டில் கட்டுப் போடுகிற சாதாரண ஜனங்களும் எழுதினார்கள். ஒரு சுருள் என்ன விலை, சரக்கு ஏன் இன்னும் வரவில்லை, அகலத் துணி உண்டா, ஏஜென்சி தருவீர்களா என்று தபால்காரர் தினமும் ஒரு கட்டுக் கொண்டுவந்து மேஜையில் போடுவார். பதில் அடித்து அடித்து எனக்கு விரல் நுனியெல்லாம் காந்தும். சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்று, வீட்டில் அம்மாவிடம் திட்டு வாங்குவேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கடிதங்கள் ஆயிரம் வந்தாலும் கேள்விகள் என்னவோ ஐந்தாறுதானே. பதில்களை முன்கூட்டியே அச்சடித்து வைத்துக்கொண்டால் என்ன? ஏழு விதமான கார்டுகள் தயார் செய்தேன், ஒவ்வொன்றும் ஒரு நிறம். விலை கேட்டால் வெள்ளை. சரக்கு வரவில்லை என்றால் பச்சை, "தங்கள் சரக்கு அனுப்பப்பட்டுவிட்டது. லாரி ஆபீஸில் விசாரித்துப் பெற்றுக்கொள்ளவும்" என்று அதில் இருக்கும். குறை சொன்னால் ரோஸ், "வருந்துகிறோம், எங்கள் பிரதிநிதி நேரில் வருவார்." இப்படியே மற்றவையும். எந்தச் சொல் கண்ணில் பட்டால் எந்தக் கார்டு என்று ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கடிதம் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லைத் தேடு, அடியில் கோடு போடு, கார்டை எடு, விலாசம் எழுது. ஒரு கடிதத்துக்கு அரை நிமிஷம் போதும்.

ஏழாவது கார்டுதான் என் மூளைக்கு நானே கொடுத்துக்கொண்ட பரிசு. மருந்துக் கடைக்காரர்களும் ஏஜென்டுகளும் முதலாளிக்கு விசேஷப் பத்திரிகைகள் அனுப்புவார்கள். முகூர்த்த மாதங்களில் அதுவே ஒரு கூடை சேரும். எல்லாவற்றுக்கும் அவரால் போக முடியாது, ஆனால் வாழ்த்துப் போகாமல் இருக்கக் கூடாது. அதற்கு ஒரு மஞ்சள் கார்டு அடித்தேன். "தங்கள் இல்லத்து மங்கல நிகழ்ச்சி சிறக்க வாழ்த்துகிறோம். தங்கள் குடும்பம் தழைத்தோங்கட்டும்." கல்யாணமா, காதுகுத்தா, புதுமனைப் புகுவிழாவா என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதபடி வாசகத்தைப் பொதுவாக எழுதியிருந்தேன். அதனால் உறையைப் பிரிக்கவே தேவையில்லை. மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் பத்திரிகை. பின்பக்கத்து விலாசத்தைப் பார்த்துக் கார்டு எழுதிவிட்டு, உறையை அப்படியே நூல் போட்டுக் கட்டி முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நேரில் வந்து அழைத்த விசேஷங்களுக்குத்தான் அவர் போவார், அதனால் அந்தக் கட்டுகள் அங்கே அவிழ்க்காமலே கிடக்கும். இஸ்லாமியர், கிறிஸ்தவர் வீட்டுப் பத்திரிகைகளில் மஞ்சள் இருக்காது. அவற்றை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

எனக்குத் துணையாகப் பொட்டலம் போடும் இடத்தில் இருந்து ஓர் அக்காவை முதலாளி அனுப்பிவைத்தார். எட்டாவது வரை படித்தவர். அவரிடம் எனக்கு ஒரே எரிச்சல், கடிதம் கையில் கிடைத்தால் முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். ஒருவர் தன் மாடு கன்று போட்டதை எழுதியிருந்தால் அதையும் படித்துச் சிரிப்பார். "இதெல்லாம் நமக்கு எதுக்குக்கா?" என்று நான் கடுகடுப்பேன். "ஒரு மனுசன் உக்காந்து எழுதிருக்கான், செத்த நேரம் படிச்சா என்னம்மா?" என்பார். நான் சுவரில் இருக்கும் பட்டியலைக் கைகாட்டுவேன்.

இரண்டே மாதத்தில் எங்கள் பெயர் பரவிவிட்டது. "எழுதுனா மூணாம் நாள் டாண்ணு பதில் வருதுப்பா" என்று கடைக்காரர்கள் பேசிக்கொள்வதாக எங்கள் சேல்ஸ்மேன் வந்து சொன்னார். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

புரட்டாசி மாதம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அந்த மாதத்துச் சனிக்கிழமைகளில் ஊருக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க ஜனம் அலைமோதும், பஸ்ஸில் ஏறுவதே பெரும்பாடு. அப்படி ஒரு வாரத்துத் திங்கட்கிழமை. தபால் கட்டு இரண்டு நாள் சேர்ந்து வந்திருந்தது. அதில் ஓர் உறையை அக்கா கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொத்தமான உறை, மேல் மூலையில் மஞ்சள், பக்கத்து மூலையிலும் கொஞ்சம்.

"ஏம்மா, இதுல ரெண்டு மூலைலதான் மஞ்ச இருக்கு. நாலுலயும்லா தடவுவாக."

"மஞ்சள் தீந்து போயிருக்கும்க்கா. போடுங்க."

"புரட்டாசில ஏது விசேஷம்?"

"ஐப்பசி முகூர்த்தத்துக்கு இப்பவே பத்திரிகை வரும்க்கா. ஒவ்வொண்ணுக்கும் இப்படி ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தா நான் எப்ப வீட்டுக்குப் போறது?"

சொல்லிக்கொண்டே அவர் கையில் இருந்து உறையை வாங்கினேன். கை வைத்துப் பார்த்தால் உள்ளே தடிமனாக மடித்த பத்திரிகை மாதிரிதான் இருந்தது. பின்பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் விலாசம், எங்கள் வீட்டில் இருந்து இரண்டு தெரு தள்ளி. நம்ம ஊர் விசேஷம், யார் வீடாக இருக்கும் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடியில் பிரித்திருக்கலாம். மஞ்சள் கார்டில் விலாசம் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அதே விலாசத்தில் இருந்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அதே விலாசம் என்பது பிறகுதான் தெரிந்தது, அன்று எனக்கு உறைக்கவே இல்லை. அன்றைக்கும் வேலை நெருக்கடி. கண்ணை ஓடவிட்டேன். "வரவில்லை" என்று ஒரு சொல், "அவசரம்" என்று ஒரு சொல். இரண்டுக்கும் அடியில் சிவப்புக் கோடு போட்டேன். பச்சைக் கார்டு போயிற்று.

அதற்கும் மூன்று நான்கு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு அம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, நூல் சேலை. கையில் எங்கள் மஞ்சள் கார்டு. பக்கத்து அறையில் முதலாளியும் இருந்தார். விசேஷ வீட்டுக்காரர்கள் சிலர் நேரிலும் வந்து முதலாளியை அழைப்பது வழக்கம். அதனால் நான் வாயெல்லாம் பல்லாக எழுந்து போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"வாங்கம்மா, உக்காருங்க. பத்திரிகை வந்துச்சு. விசேஷம் என்னைக்கு?"

அந்த அம்மா உட்காரவில்லை. என்னையே பார்த்தார்.

"யார் வீட்ல விசேஷம்?"

"உங்க வீட்லதாம்மா. மஞ்சள் தடவிப் பத்திரிகை அனுப்பிருந்தீங்களே."

"எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவியளும் நானும்தான். அவிய கால் வெந்து படுத்துக் கெடக்காக. நீ எந்த விசேஷத்தைக் கேக்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. அக்கா எழுந்து போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். அந்த அம்மா குடித்துவிட்டுக் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

அவர் வீட்டுக்காரர் பால்கோவா அடுப்பில் வேலை. புரட்டாசிக் கூட்டத்துக்கு ராப்பகலாக அடுப்பு எரிந்திருக்கிறது. அசதியில் சட்டி சரிந்து கொதிக்கிற பால் பாதத்தில் கொட்டிவிட்டது. ஏற்கெனவே சர்க்கரை வியாதி உள்ளவர். டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கி, கட்டுத் துணியும் ஒரு டஜன் சுருள் வாங்கி, வீட்டிலேயே இவர் கட்டுப் போட்டு வந்திருக்கிறார். துணியைக் கட்டினால் எரிகிறது என்று அவர் துடித்தாராம். கடைக்காரரைக் கேட்டால், எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், கம்பெனித் துணியை விட்டுப் பழைய வேட்டியைக் கட்டினால் புண் சீழ் வைத்துவிடும் என்று பயமுறுத்தியிருக்கிறார். இவருக்குச் சந்தேகம். பொட்டலத்தில் இருந்த எங்கள் வரியைப் படித்துவிட்டு எங்களையே கேட்டுவிடலாம் என்று கடிதம் எழுதி, துணியில் ஒரு துண்டு வெட்டி உறைக்குள் மடித்து வைத்து அனுப்பியிருக்கிறார்.

"புண்ணைச் சுத்தி மஞ்சப் பத்துப் போட்ட கை. கழுவுனாலும் போகல. உறைல ஒட்டிருக்கும்" என்றார்.

மூன்றாம் நாள் மஞ்சள் கார்டு போயிருக்கிறது. குடும்பம் தழைத்தோங்கட்டும் என்று. யாருக்கோ போக வேண்டியது நமக்கு வந்துவிட்டது, நமக்கான பதில் பின்னால் வரும் என்று காத்திருந்திருக்கிறார். வராததால், "சரியான பதில் வரவில்லை, அவசரம்" என்று இன்னொரு கார்டு. அதற்கு நாங்கள் சரக்கு அனுப்பிவிட்டதாகப் பச்சைக் கார்டு. கெட்ட துணிக்குப் பதில் நல்ல துணி அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் நம்பிவிட்டார். இரண்டு நாள் லாரி ஆபீஸுக்கு நடந்திருக்கிறார். அங்கே இவர் பெயருக்கு எந்தப் பார்சலும் இல்லை.

"அம்புட்டு நாளும் அதே துணியவா கட்டுனீங்க?" என்று அக்கா கேட்டார்.

"பொறவு? புண்ணைத் தொறந்து போட்டா ஈ மொய்க்கி. கட்டலாமா கூடாதான்னு ஒரு வார்த்தை எழுதிருந்தா அன்னைக்கே தூக்கி வீசிருப்பேன். பதில் போடுவோம்னு சொன்னது நீங்கதானே."

முதலாளி எப்போது தன் அறையை விட்டு வெளியே வந்தார் என்று தெரியாது. கதவோரம் நின்று முழுவதும் கேட்டிருக்கிறார். உடனே காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பத்து நிமிஷத்தில் நூல் போட்டுக் கட்டிய அந்த மாதத்துக் கட்டுடன் வந்தார். நான்தான் அவிழ்த்தேன். மூன்றாவதோ நான்காவதோ உறை அது. என் கையால் பிரித்தேன்.

கோடு போட்ட நோட்டுத் தாளில் நாலைந்து வரிதான். கட்டினால் எரிகிறது என்கிறார். தண்ணீரில் நனைத்தால் பிளீச்சிங் பவுடர் வாடை வருகிறது. ஒரு துண்டு வைத்திருக்கிறேன், பார்க்கவும். இதைக் கட்டலாமா கூடாதா, ஒரு வரி எழுதவும். தாளுக்குள் அந்தத் துண்டுத் துணி நாலாக மடித்து இருந்தது. முதலாளி அதை வாங்கி, தண்ணீர்ச் செம்பில் முக்கி எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். முகர வேண்டிய அவசியமே இல்லை, கையில் எடுத்ததுமே மூக்கில் ஏறியது.

துணியை வெளுத்த பிறகு மூன்று தண்ணீரில் அலசி எடுப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷம் மழை பெய்யாமல் கிணறு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. கொஞ்ச நாள் இரண்டு தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது முதலாளிதான். அது அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. சலவைக் கூடத்துக்குப் போய் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். நான் அழ ஆரம்பித்திருந்தேன். என்னைத் திட்டுவார், திட்டினால் கொஞ்சம் ஆறும் என்று இருந்தது. அவர் திட்டவில்லை.

"ஒரு தண்ணி கொறைச்சது நான். பிரிக்காம விட்டது நீ. கெளம்பும்மா, ரெண்டு பேரும் போயி அவுக முன்னால நிப்போம்" என்றார்.

அவருடைய காரில் அந்த அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம்.  நான் தினமும் பஸ்ஸில் போகிற வழி. வீட்டு வாசலில் இறங்கும்போதே தெரிந்தது, காய்கறி வாங்க நான் அந்தத் தெரு வழியாகத்தான் போவேன். எத்தனையோ தடவை அந்த வாசலைக் கடந்திருக்கிறேன்.

உள்ளே ஒரு கயிற்றுக் கட்டிலில் அந்த ஐயா படுத்திருந்தார். காய்ச்சல் அனலாக அடித்தது. பாதத்தில் எங்கள் துணி. விரல்கள் இரண்டு கறுத்துப்போயிருந்தன. அறையில் இருந்த வாடையை நான் இங்கே எழுதப் போவதில்லை. கம்பெனியில் இருந்து வந்திருக்கிறார்கள் என்று அந்த அம்மா சொன்னதும் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"வாழ்த்து அனுப்புனவுகளா? வாங்க, வாங்க" என்றார். "விசேஷத்துக்கு நீங்க ரெண்டு பேரு வந்ததே போதும்."

அந்தக் காய்ச்சலிலும் மனுஷர் சிரித்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலையே மதுரைக்குக் கொண்டுபோனோம். மறுநாள் இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். பாதத்தைக் காப்பாற்றியதே பெரிய விஷயம் என்றார் டாக்டர். துணியில் தங்கியிருந்த வெளுக்கும் மருந்துதான் காரணமா என்று முதலாளி நேராகவே கேட்டார். சர்க்கரை உண்டு, தீக்காயம் உண்டு, அதன் மேல் இந்தத் துணி உறுத்தியிருக்கிறது, எதனால் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் அவர். "பத்து நாளைக்கு முன்னாடி வந்திருந்தா விரலும் தப்பிச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். பத்து நாள் என்பது என் மஞ்சள் கார்டு போன அன்றைக்குக் கிட்டத்தட்ட வந்து நின்றது. வராந்தாவில் நின்றபடி அதை நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆபீஸில் நாற்காலியில் உட்காரவே இல்லை. அந்தச் சமயத்தில் வெளுத்த துணி போன கடைகளை எல்லாம் பட்டியல் எடுத்து, தூரத்து ஊர்களுக்கு முதலாளி டெலிபோன் போட்டும் தந்தி அடித்தும் விற்பனையை நிறுத்தினார். பக்கத்து ஊர்களுக்கு சேல்ஸ்மேன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சோழபுரம் வரைக்கும் பஸ்ஸில் போய்க் கடை கடையாகப் பொட்டலங்களைத் திரும்ப வாங்கினேன். "ஏன், துணிக்கு என்ன கேடு?" என்று கேட்டவர்களிடம் மழுப்பாமல் உள்ளதைச் சொல்லச் சொல்லியிருந்தார் முதலாளி. ஒருவர் முகத்துக்கு நேராகவே, இனி உங்கள் சரக்கு வேண்டாம் என்றார். ஒரு கடைக்காரர் மட்டும், நீங்களாக வந்து சொல்கிறீர்களே என்று டீ வாங்கிக் கொடுத்தார். பாதியிலேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனேன்.

ஒரு நாள் மதியம் நானும் அக்காவும் உட்கார்ந்து, அதுவரை முதலாளி வீட்டில் சேர்ந்திருந்த மஞ்சள் உறைகள் அத்தனையையும் பிரித்தோம். இன்னும் யாருடைய குரல் அதற்குள் அடைந்து கிடக்கிறதோ என்று எனக்குப் பயம். ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், மறுபடி கல்யாணம். எல்லாமே பத்திரிகைகள்தான். என் விதி ஒரே ஒரு உறையில்தான் தப்பியிருந்தது. இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அத்தனையிலும் சரியாக இருந்ததால்தான் அந்த ஒன்றை நான் பார்க்கவில்லை என்று தோன்றியது. அக்கா ஒரு வார்த்தைகூட "அன்னைக்கே சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. பிரித்த பத்திரிகைகளை நிமிர்த்தி அடுக்கி வைத்துக்கொண்டே இருந்தார்.

கார்டுகளை நாங்கள் தூக்கிப் போட்டுவிடவில்லை. விலை கேட்கிறவருக்கு விலைக் கார்டு போதும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதன்பிறகு பிரிக்காத உறை என்று ஒன்று அந்த மேஜையைத் தாண்டியதில்லை. குறை எழுதியவர்களுக்குக் கார்டே கிடையாது, கையால்தான் பதில். சுவரில் இருந்த பட்டியலை எடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் பதில் சில சமயம் ஐந்தாம் நாள் ஆயிற்று. நான் பழையபடி சாயங்கால பஸ்ஸை விட்டேன்.

அவர்கள் மதுரையில் இருந்து திரும்பிய பிறகு, வேலை முடிந்து வரும்போது தினமும் அந்த வீட்டுக்குப் போவேன். ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு. தண்ணீர் பிடித்துக் கொடுப்பேன், மருந்து வாங்கி வருவேன், சுத்தமாக அலசிய துணியை முதலாளியே பார்த்துப் பார்த்துக் கொடுத்து அனுப்புவார். ஐயா என்னிடம் நன்றாகப் பேசுவார். அடுப்படிக் கதை எல்லாம் சொல்லுவார். அந்த அம்மா உள்ளே வர விடுவார், உட்காரச் சொல்லுவார், அதற்கு மேல் ஒரு பேச்சும் இருக்காது. நாலைந்து வாரம் இப்படியே போயிற்று. ஐயா கம்பை ஊன்றி வாசல் வரை நடக்க ஆரம்பித்த அன்று, எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்பும்போது, "நாளைக்கும் வாரேன்மா" என்றேன்.

அந்த அம்மா கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இம்புட்டு நாளு நடையா நடந்ததுக்கு, நீ அன்னைக்கு அந்த உறையைப் பிரிச்சிருக்கலாம்."

நான் தலையாட்டினேன். அவரும் துணியைச் சுருட்டுவதைத் தொடர்ந்தார். மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் மறுபடி எடுக்கவே இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆகி ஊர் மாறி, இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கைபேசியில் எதற்கு எழுதினாலும் கண் மூடித் திறப்பதற்குள் "உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி" என்று ஒரு பதில் வந்து விழுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், அங்கே யாராவது பிரித்துப் பார்த்திருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு யார் எதை அனுப்பினாலும் முழுவதும் படித்து, சில சமயம் இரண்டு தடவை படித்து, அதன்பிறகுதான் பதில் போடுவேன். எவ்வளவு பொறுமை உங்களுக்கு என்று என் மருமகள் பாராட்டுகிறாள். அது பொறுமையால் வந்ததல்ல, இரண்டு விரல்களை இழந்த ஒரு மனிதரின் வீட்டில் இருந்து நான் கொண்டுவந்த பயம் என்று அவளிடம் இதுவரை சொன்னதில்லை.